இதய இயக்குநீர்களும் சிறுநீரக நீக்கமும்: மருத்துவ அறிவியல் வரலாற்று நோக்கும் கீழப்பழுவூர் வட்டாரப் பொருத்தப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

இதயத் தசை சுரக்கும் நேட்ரியூரெட்டிக் பெப்டைடுகள் குருதியிலிருந்து எவ்வாறு நீக்கப்படுகின்றன என்ற வினாவிற்கு அறிவியல் உலகம் விடைகண்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சிறுநீரகம் கழிவை வடிக்கும் உறுப்பு என்ற பொதுக்கருத்து இவ்வரலாற்றில் மும்முறை திருத்தம் பெற்றது. வடித்தல், நொதியாற் சிதைத்தல், ஏற்பியாற் கவர்தல் என்னும் மூன்று வழிகளும் வெவ்வேறு ஆய்வுக் குழுக்களால், வெவ்வேறு நோக்கங்களுக்காகக் கண்டறியப்பட்டவை. சிறுநீரகக் குறைபாடு உடையோரிடம் இவ்வியக்குநீர்கள் மிகுவதற்குச் சிறுநீரகம் மட்டுமே காரணம் என்னும் முடிவு வரலாற்று நோக்கிலும் உடலியல் நோக்கிலும் முழுமையற்றது என்பது கட்டுரையின் கருதுகோள். அரியலூர் மாவட்டக் கீழப்பழுவூர் போன்ற உழவுசார் வட்டாரங்களில் ஒரு குருதிச் சோதனையின் எண்ணை வாசிப்பதில் இவ்வேறுபாடு எத்தகைய விளைவுகளை உண்டாக்கும் என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறுநீரகம், இதயம், இயக்குநீர், நேட்ரியூரெட்டிக் பெப்டைடு, நெப்ரிலைசின், மருத்துவ வரலாறு, கீழப்பழுவூர்.

முன்னுரை

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள கீழப்பழுவூர், தமிழக வரலாற்று ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமான ஊராகும். ‘பழு’ என்பது ஆலமரத்தைக் குறிக்கும். இங்குள்ள இறைவன் ஆலந்துறையார் என வழங்கப்படுவதும் அதனோடு இயைவது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற இத்தலமும் அதன் அண்மையிலுள்ள மேலப்பழுவூர், கீழையூர்க் கோயில்களும் சோழப் பேரரசுக்கு உட்பட்டு இப்பகுதியை ஆண்ட பழுவேட்டரையர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். இவ்வூர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டு, கோயிற்கலை, அரச மரபு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

இன்றைய கீழப்பழுவூர் வட்டாரத்திற்கு வேறொரு முகமும் உண்டு. வெயிலில் நெடுநேரம் உழைக்கும் வேளாண் தொழிலாளர்களும், சுண்ணாம்புக்கல் அகழ்விலும் சிமெண்டு உற்பத்தியிலும் ஈடுபட்டோரும் வாழும் மாவட்டம் இது. நீரிழிவு, உயர் குருதியழுத்தம் ஆகியவற்றின் தொடர்ச்சியாக இதயமும் சிறுநீரகமும் ஒருசேரப் பழுதடையும் நோயாளர்கள் தமிழக ஊர்ப்புறங்கள் எங்கும் காணப்படுகின்றனர். கால் வீங்கி, மூச்சு வாங்க வரும் ஒருவரிடம் மருத்துவர் முதலில் எழுப்பும் வினா, நீர் தேங்கக் காரணம் இதயமா, சிறுநீரகமா என்பதாகும். இவ்வினாவிற்கு விடைகூற உதவும் குருதிச் சோதனைகளுள் முதன்மையானது இதய இயக்குநீர் அளவீடு. அவ்வியக்குநீரை நீக்கும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்றாதலின், சோதனையின் விடையே சிறுநீரகத்தின் நிலையைச் சார்ந்துவிடுகிறது. இச்சிக்கல் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு படிப்படியாகத் தெளிவுற்றது என்பதைக் காலமுறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மருத்துவ மரபில் நீரும் வீக்கமும்

உடலில் நீர் தேங்குவதைத் தமிழ் மருத்துவம் தனித்த நோய்நிலையாகக் கண்டது. சோபை, பாண்டு, மகோதரம் முதலிய பெயர்கள் சித்த மருத்துவ நூல்களில் பயில்வன. எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீரை ஆராய்தலும் ஒன்று. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றை நோக்கும் நீர்க்குறியும், அதன்மேல் இடப்படும் எண்ணெய்த்துளி பரவும் முறையை நோக்கும் நெய்க்குறியும் தேரையர் பெயரால் வழங்கிவருகின்றன. நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை ஆகியன நீர்பெருக்கிகளாக வழக்கில் உள்ளவை. பொங்கலையொட்டிக் காப்புக்கட்டும் சிறுபீளை, மருந்தாகவும் வீட்டு வாயிலில் நிற்பது தமிழர் அறிந்ததே.

நிறுவன அளவிலும் சோழர்காலச் சான்றுகள் உள்ளன. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்டிர் ஆகியோருக்கான ஊதியமும், சேமிப்பில் இருந்த மருந்துகளின் பெயர்களும் அதில் இடம்பெற்றுள்ளன. பழுவூர்க் கோயில்களிற் கிடைக்கும் நிலக்கொடை, விளக்குக்கொடைச் செய்திகளோடு ஒப்பிடும்போது, சோழர் காலத்தில் மருத்துவமும் கொடை மரபின் ஒரு கூறாக விளங்கியதை உணரலாம்.

இச்சான்றுகளைக் கொண்டு இதய இயக்குநீர் பற்றிய அறிவு முன்னோருக்கு இருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. நீர்த்தேக்கம், சிறுநீர், மருந்து ஆகிய மூன்றையும் இணைத்துக் காணும் நோக்கு இங்கு வலுவாக இருந்தது என்பதே பெறத்தக்க முடிவு. தேக்கத்தின் காரணத்தை உறுப்புகளுக்கிடையே பிரித்தறிவதற்கு உடற்கூற்றியலும் வேதியியலும் இணைய வேண்டியிருந்தது.

இதயமும் சிறுநீரகமும் இணைந்த முதற்கட்டம்

ஐரோப்பாவிலும் இப்பிரித்தறிதல் எளிதாக அமையவில்லை. 1785-இல் வில்லியம் விதரிங், டிஜிட்டாலிஸ் இலையால் உடல்வீக்கம் குறைவதை விரிவாகப் பதிவு செய்தார். சிறுநீர் பெருகுவதே அதன் முதன்மை விளைவாக அவருக்குத் தோன்றியது. எனினும் இதயத்தின் இயக்கத்தின்மேல் அம்மருந்துக்குத் தனியாற்றல் உண்டு என்பதையும் அவர் கவனித்திருந்தார். இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ரிச்சர்டு பிரைட், 1827-இல் உடல்வீக்கமும் சிறுநீரிற் புரதமும் சிறுநீரகச் சிதைவும் ஒன்றிவருவதை நிறுவினார். 1836-இல் அவர் வெளியிட்ட நோயாளர் தொகுப்பில், சிறுநீரக நோயால் இறந்தோர் பலரிடம் இதயத்தின் இடக்கீழறை தடித்திருந்தமை சுட்டப்பட்டது.

பிரைட்டின் இக்குறிப்பு பின்வரும் விவாதத்திற்கு அடித்தளமாகும். சிறுநீரக நோயாளியின் இதயம் பெரும்பாலும் நலமான இதயம் அன்று. இவ்வுண்மை 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியும், 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயக்குநீர் அளவுகளைப் பொருள்கொள்ளும்போது போதிய அளவு நினைவுகூரப்படவில்லை.

இதயம் ஒரு சுரப்பி எனல்

இதயத்தைக் குருதி இறைக்கும் பொறியாகவே கருதிய காலத்தில் அது சுரப்பியாகவும் செயற்படலாம் என்பதற்கான தடயங்கள் தனித்தனியே கிடைத்தன. 1956-இல் புரூனோ கிஷ், கினிப்பன்றியின் இதய மேலறைத் தசையணுக்களில் செறிந்த நுண்துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். அதே ஆண்டில் ஹென்றி, காவர், ரீவ்ஸ் ஆகியோர் நாயின் இடமேலறையைப் பலூனால் விரித்தபோது சிறுநீர் பெருகுவதைக் காட்டினர். 1964-இல் ஜேமிசனும் பாலடேயும் மேலறைத் துகள்களின் அமைப்பை விரிவாக ஆய்ந்து, அவை சுரப்பணுக்களின் துகள்களை ஒத்திருப்பதை எடுத்துரைத்தனர். துகளைக் கண்டவரும் சிறுநீர்ப் பெருக்கத்தைக் கண்டவரும் தம் கண்டுபிடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை அப்போது அறிந்திலர்.

இவ்விரு தடங்களையும் இணைத்தவர் அர்ஜெண்டினாவிற் பிறந்து கனடாவிற் பணியாற்றிய அடால்ஃபோ டி போல்ட் ஆவார். 1981-இல் அவர்தம் குழு, எலியின் மேலறைத் தசைச் சாற்றை மற்றோர் எலியின் குருதியிற் செலுத்தியது. சிறுநீரில் சோடியம் ஏறத்தாழ 30 மடங்கும் சிறுநீரின் அளவு ஏறத்தாழ 10 மடங்கும் உயர்ந்தன. கீழறைச் சாறு இவ்விளைவைத் தரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அப்பொருளின் வேதியமைப்பு தெளிவாயிற்று. 1984-இல் கங்காவாவும் மட்சுவோவும் மனிதரிடம் காணப்படும் 28 அமினோ அமிலங்கள் கொண்ட மேலறை நேட்ரியூரெட்டிக் பெப்டைடை (ஏ.என்.பி.) விவரித்தனர். ‘நேட்ரியூரெட்டிக்’ என்பது சோடியத்தைச் சிறுநீரிற் கழியச் செய்வது எனப் பொருள்படும்.

1988-இல் சப்பான் நாட்டு ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து இரண்டாவது பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். மூளைக்குரிய பெயரே அதற்கு இடப்பட்டு பி.என்.பி. என வழங்கலாயிற்று. மனிதரிடம் அதன் முதன்மைப் பிறப்பிடம் இதயக் கீழறை எனப் பின்னர் அறியப்பட்டபோதிலும் பெயர் மாறவில்லை. கீழறைச் சுவர் விரியும்போது 108 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடி மூலக்கூறு உருவாகி இரண்டாகப் பிளவுறுகிறது. ஒரு பகுதி, செயல்திறனுடைய 32 அமினோ அமில பி.என்.பி. மற்றொன்று, செயல்திறனற்ற 76 அமினோ அமிலத் துண்டு. என்டி-புரோபிஎன்பி எனப்படும் அத்துண்டு மனிதக் குருதியிற் சுற்றிவருவது 1995-இல் நியூசிலாந்து ஆய்வாளர்களால் எடுத்துரைக்கப்பட்டது.

நீக்கம் குறித்த மூன்று கண்டுபிடிப்புகள்

சுரப்பைக் கண்டறிந்த பின்னர் எழுந்த வினா நீக்கம் பற்றியது. ஏ.என்.பி. குருதியிற் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்தது. பி.என்.பி.க்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் தேவைப்பட்டன. என்டி-புரோபிஎன்பி ஒன்று முதல் இரண்டு மணிநேரம் வரை நிலைத்தது. ஒரே உறுப்பிற் பிறந்து ஒரே குருதியிற் செல்லும் மூலக்கூறுகளிடையே இத்துணை வேறுபாடு ஏன்? விடை மூன்று திசைகளிலிருந்து வந்தது.

அ. வடித்தல்

சிறுநீரகங்கள் உடல் எடையில் மிகச் சிறுபங்கே ஆயினும் இதயம் இறைக்கும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகின்றன. நலமுள்ள ஒருவரின் கிளாமருலஸ்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. இன்சுலின் போன்ற சிறு புரதங்கள் இவ்வடியில் எளிதிற் கடப்பதும், அண்மைச் சுருள் நுண்குழல் அணுக்கள் அவற்றை உட்கொண்டு லைசோசோம்களிற் சிதைப்பதும் 1970-களில் தெளிவாயின. இத்துறையில் தாமஸ் மாக் செய்த பணி முதன்மையானது. சிறுநீரகம் வடித்ததைச் சிறுநீரில் அப்படியே விடுவதில்லை. சிறு புரதங்களைப் பிரித்து அமினோ அமிலங்களாகக் குருதிக்கே திருப்பித் தருகிறது. ஆகவே, சிறுநீரில் ஒரு பெப்டைடு குறைவாக இருப்பது கொண்டு சிறுநீரகம் அதனை நீக்கவில்லை என முடிவுகட்டல் ஆகாது.

ஆ. நொதியாற் சிதைத்தல்

இதய இயக்குநீர் அறியப்படுவதற்கு முன்னரே அதனைச் சிதைக்கும் நொதி அறியப்பட்டுவிட்டது என்பது இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1974-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கெர், கென்னி ஆகிய இருவரும் முயலின் சிறுநீரக நுண்குழல் அணுக்களின் தூரிகை விளிம்பிலிருந்து ஒரு நொதியைத் தூய்மைப்படுத்தினர். பின்னாளில் நெப்ரிலைசின் எனப் பெயர்பெற்ற நொதி இதுவே. அப்போது அதன் இயற்கையான இலக்கு எது எனத் தெரியவில்லை. சிறுநீரகத் தூரிகை விளிம்பில் ஏ.என்.பி. சிதைவைத் தொடங்கிவைப்பது இந்நொதியே என்பதை 1987-இல் கென்னியின் குழு காட்டியது. பி.என்.பி. இந்நொதிக்கு ஏ.என்.பி.யைவிட மெதுவாகவே ஆட்படுகிறது. என்டி-புரோபிஎன்பி அதற்கு இலக்காவதில்லை. ஆயுட்கால வேறுபாட்டின் ஒரு பகுதிக்கு விளக்கம் இங்குக் கிடைத்தது. நுரையீரல் முதலிய பிற உறுப்புகளிலும் நெப்ரிலைசின் உள்ளது. எனவே நொதிவழிச் சிதைவு சிறுநீரகத்திற்கு மட்டுமே உரியது அன்று.

இ. ஏற்பியாற் கவர்தல்

1980-களின் நடுவில், ஏ.என்.பி.யைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுட் பெரும்பான்மையானவை எந்த வழக்கமான விளைவையும் தூண்டாதிருத்தல் ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தது. ‘ஊமை ஏற்பிகள்’ எனக் கருதத்தக்க இவற்றின் பணியை 1987-இல் மாக் குழுவினர் விளக்கினர். அவ்வேற்பிகளை மட்டும் பற்றும் செயற்கைப் பெப்டைடு ஒன்றைச் செலுத்தியபோது குருதியில் ஏ.என்.பி. உயர்ந்தது, சோடியக் கழிவும் மிகுந்தது. ஆகவே அவை இயக்குநீரைக் கவர்ந்து அணுவினுள் கொண்டுசென்று சிதைக்கும் நீக்க ஏற்பிகள் எனத் துணியப்பட்டது. சுமையை இறக்கியதும் ஏற்பி மீண்டும் அணுப்பரப்புக்குத் திரும்புகிறது. சிறுநீரகத்திலும் குருதிக்குழாய்ச் சுவர்களிலும் இவை மிகுதி. ஏ.என்.பி.யை இவை வலுவாகவும் பி.என்.பி.யைச் சற்றுத் தளர்வாகவும் பற்றுகின்றன. என்டி-புரோபிஎன்பியை இவை பற்றுவதில்லை.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், ஏ.என்.பி.க்கு மூன்று வாயில்களும் திறந்துள்ளன, பி.என்.பி.க்கு அவற்றுட் சில பாதி திறந்துள்ளன; என்டி-புரோபிஎன்பிக்கு ஏற்பி, நெப்ரிலைசின் ஆகிய இரு வாயில்களும் அடைபட்டு, சிறுநீரக வடிப்பின் பங்கு பெரிதாகிறது. சிறுநீரகம் இவற்றை நீக்கும் உறுப்பு மட்டுமன்று என்பதும் நினையத்தக்கது. 1988-இல் மனிதச் சிறுநீரிலிருந்து பிரிக்கப்பட்ட யூரோடைலாட்டின், சிறுநீரகமே உருவாக்கும் 32 அமினோ அமிலப் பெப்டைடாகும். இதய இயக்குநீரைச் சிதைக்கும் உறுப்பே, எளிதிற் சிதையாத அதன் உறவினத்தைத் தன் தேவைக்கு ஆக்கிக்கொள்கிறது.

‘சிறுநீரகமே காரணம்’ என்னும் கருத்தின் வளர்ச்சியும் திருத்தமும்

2002-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, மூச்சுத்திணறலுடன் அவசரப்பிரிவுக்கு வந்த 1586 பேரிடம் பி.என்.பி.யை அளந்தது. மில்லி லிட்டருக்கு 100 பிகோகிராம் என்ற வரம்பு இதயச் செயலிழப்பைக் கண்டறிவதில் பயன்மிக்கது என அது காட்டியது. என்டி-புரோபிஎன்பிக்கு 300-க்குக் கீழ் இருப்பின் திடீர் இதயச் செயலிழப்பு இல்லை எனக் கொள்ளலாம் என்றும், அதனை உறுதிப்படுத்த 50 வயதுக்குட்பட்டோருக்கு 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேற்பட்டோருக்கு 1800 என்றும் 2006-இல் வரம்புகள் வகுக்கப்பட்டன.

சிறுநீரகக் குறைபாடு உடையோரிடம் இவ்வெண்கள் தடுமாறின. இதயச் செயலிழப்பு இல்லாத நிலையிலும் அவர்களிடம் அளவு உயர்ந்திருந்தது. வடிதிறன் நிமிடத்திற்கு 60 மில்லி லிட்டருக்குக் குறைந்தோரிடம் பி.என்.பி. வரம்பை 200 அளவிற்கும், என்டி-புரோபிஎன்பி வரம்பை 1200 அளவிற்கும் உயர்த்தும் பரிந்துரைகள் எழுந்தன. அவற்றோடு சேர்ந்து ஒரு கருத்தும் பரவியது: என்டி-புரோபிஎன்பி சிறுநீரகத்தால் மட்டுமே நீக்கப்படுவது, பி.என்.பி. அவ்வாறன்று, எனவே சிறுநீரக நோயாளியிடம் முன்னது நம்பத்தகாதது.

இக்கருத்தை நேரடி அளவீடு சோதித்தது. சிறுநீரகத் தமனியிலும் சிரையிலும் குருதி எடுத்து, உள்ளே சென்றதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்தனர். 2005-க்கும் 2009-க்கும் இடையே வெளியான இத்தகைய ஆய்வுகளில், சிறுநீரகம் இரு பெப்டைடுகளையும் ஏறத்தாழ ஒரே பங்கில் நீக்குவது தெரியவந்தது. இவ்விடையின் பின்புலத்தை எளிய கணக்காலும் உணரலாம். சிறுநீரகத்தை அடையும் பிளாஸ்மா நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 மில்லி லிட்டர். வடிவது ஏறத்தாழ 120. தடையின்றி வடியும் மூலக்கூறு ஒன்று வடிப்பால் மட்டுமே நீங்குமாயின், ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைய இயலாது. என்டி-புரோபிஎன்பியின் நீக்கப் பங்கு இவ்வெல்லையை ஒட்டியே அமைந்தது.

சிறுநீரகத்தின் பங்கு இரு பெப்டைடுகளுக்கும் ஒத்ததாயின், வடிதிறன் குறையும்போது என்டி-புரோபிஎன்பி மட்டும் கூடுதலாக உயர்வது ஏன்? பி.என்.பி.க்கு ஏற்பி, நொதி என மாற்றுவழிகள் உண்டு. ஒரு வழி குறுகினால் பிறவழிகள் ஓரளவு ஈடுசெய்யும். மற்றதற்கு அவ்வாய்ப்பு குறைவு. எனவே பழைய கருத்து முற்றிலும் பொய் அன்று. அதன் ‘மட்டுமே’ என்ற சொல்லே பிழை.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. சிறுநீரகம் நலிந்தவரிடம் உப்பும் நீரும் தேங்குகின்றன, குருதியழுத்தம் உயர்கிறது, குருதிச்சோகை இதயத்தை விரைந்து உழைக்கச் செய்கிறது, இடக்கீழறை தடிக்கிறது. கீழறைச் சுவரின் இறுக்கம் உயர்ந்தால் சுரப்பும் உயரும். இவர்களிடம் நீக்கம் குறைவதோடு வரவும் மிகுகிறது. பிரைட் 1836-இல் பிணக்கூறாய்வில் கண்ட தடித்த இதயமே, குருதிச் சோதனையில் உயர்ந்த எண்ணாகத் தோன்றுகிறது எனலாம்.

நீக்கத்தைத் தடுத்தலே மருந்தானமை

நீக்கம் பற்றிய அறிவு மருத்துவத்திற்குப் புதிய வழியொன்றைத் திறந்தது. இதயத்திற்கு நன்மை செய்யும் இயக்குநீரை வெளியிலிருந்து செலுத்துவதைவிட, உடலிலுள்ளதன் நீக்கத்தைத் தாமதப்படுத்தலாம் என ஆய்வாளர் எண்ணினர். முதல் முயற்சிகளுள் ஒன்றான ஒமாபட்ரிலாட் என்னும் மருந்து, முகமும் தொண்டையும் திடீரென வீங்கும் பக்கவிளைவால் கைவிடப்பட்டது. நெப்ரிலைசினையும் ஆஞ்சியோடென்சின் மாற்றும் நொதியையும் ஒருசேரத் தடுத்ததால் பிராடிகைனின் தேங்கியதே அதற்குக் காரணம். அப்படிப்பினையால், நெப்ரிலைசினைத் தடுக்கும் சாகுபிட்ரிலுடன் ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தடுக்கும் வால்சார்ட்டான் இணைக்கப்பட்டது. 2014-இல் வெளிவந்த, 8000-க்கு மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வில், முந்தைய தரமான மருந்தான எனலாப்ரிலைவிட, இதயநோய் இறப்போ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையிற் சேர்தலோ 20 விழுக்காடு குறைந்தது. 1974-இல் முயலின் சிறுநீரகத்திற் காணப்பட்ட நொதி, 40 ஆண்டுகளுக்குப் பின் இதய மருந்தின் இலக்காயிற்று. இந்தியாவில் 2023-இன் தொடக்கத்தில் இம்மருந்தின் அடிப்படைக் காப்புரிமைக் காலம் முடிந்தபின் உள்நாட்டு நிறுவனங்கள் பல இதனைக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கின.

இம்மருந்தை உண்பவரிடம் பி.என்.பி. உயரக்கூடும், காரணம், அதன் சிதைவு தடைப்படுதல். இதயச் சுமை குறைந்தால் என்டி-புரோபிஎன்பி குறையும். எனவே இவர்களிடம் பின்னதை அளப்பதே பொருத்தமாகும். நீக்கவழி அறியாதவருக்கு ஒரே நோயாளியின் இரு எண்கள் எதிரெதிர்த் திசையிற் செல்வது முரணாகவே தோன்றும்.

தமிழகச் சூழலும் கீழப்பழுவூர் வட்டாரமும்

இந்தியச் சிறுநீரக மருத்துவ வரலாற்றில் தமிழகத்திற்குத் தனியிடம் உண்டு. நாட்டின் தொடக்ககால டயாலிசிஸ் பணிகளும், 1971-இல் நிகழ்ந்த வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடையவை. சென்னை மருத்துவர் எம்.கே. மணி, மாற்று அறுவையும் டயாலிசிஸும் ஊர்ப்புற ஏழைகளுக்கு எட்டாதவை என்பதை உணர்ந்து, தடுப்பையே முதன்மைப்படுத்தினார். சென்னையை அடுத்த சிற்றூர்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று குருதியழுத்தத்தையும் சிறுநீரிற் சர்க்கரை, புரதம் ஆகியவற்றையும் சோதித்தனர். விலைகுறைந்த மருந்துகளால் நீரிழிவும் குருதியழுத்தமும் கட்டுப்படுத்தப்பட்டன. நீர்க்குறி நோக்கிய மரபு வாழ்ந்த மண்ணில், சிறுநீர்ச் சோதனை மீண்டும் வீட்டு வாயிலுக்கு வந்தது எனக் கூறலாம்.

2023-இல் தமிழகத்தின் 125 சிற்றூர்களைச் சார்ந்த 3350 வேளாண் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஐவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதிசெய்யப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ பிற அறியப்பட்ட காரணமோ இல்லை. வெப்பத்தில் நீரிழந்து உழைத்தல் இத்தகைய நோய்க்குரிய காரணங்களுள் ஒன்றாக ஆராயப்பட்டு வருகிறது. கோடையில் வயலிலும் கல்லகழ்விடத்திலும் உழைப்போர் வாழும் அரியலூர் மாவட்டத்திற்கு இம்முடிவின் பொருத்தம் விளக்காமலே விளங்கும்.

இத்தகைய உழைப்பாளி ஒருவர் கால்வீக்கத்துடனும் மூச்சுத்திணறலுடனும் வந்து, அவரது என்டி-புரோபிஎன்பி 1000-ஐத் தாண்டியிருப்பின், இரு பிழைகளுக்கு இடமுண்டு. சிறுநீரகத்தின் நிலையை நோக்காது எண்ணை மட்டும் நம்பி இதயச் செயலிழப்பு என முடிவுசெய்து நீர்பெருக்கியை மிகுதியாகக் கொடுத்தால், ஏற்கெனவே நீரிழந்த சிறுநீரகம் மேலும் நலியும். கிரியாட்டினின் உயர்வைக் கண்டு ‘இது சிறுநீரகத்தால் ஏறிய எண்’ எனப் புறந்தள்ளினால், உண்மையான இதயச் செயலிழப்பு கவனியாமற் போகும். முன்னதைவிடப் பின்னது பெரும்பாலும் கொடிது. இவ்வெண் உயர்ந்திருத்தல், காரணம் எதுவாயினும், சிறுநீரக நோயாளிகளிடமும் இறப்பு வாய்ப்பின் குறியீடாகவே ஆய்வுகளிற் காணப்படுகிறது.

இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி இவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. இதய இயக்குநீர் அளவைக் கிரியாட்டினினுடனும் வயதுடனும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். குறைந்த எண் இதயச் செயலிழப்பை விலக்க உதவுவது சிறுநீரக நோயாளியிடமும் ஓரளவு பொருந்தும். ஒருவரது எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது, பொதுவரம்போடு ஒப்பிடுவதைவிடத் தெளிவு தரும். வாய்ப்புள்ள இடத்தில் எக்கோ சோதனை ஐயத்தைத் தீர்க்கும். டயாலிசிஸ் பெறுவோரிடம் எண் ஏறுவதும் இறங்குவதும் நீர்ச்சுமையையும், பயன்படுத்தும் சவ்வின் நுண்துளை அளவையும் சார்ந்தவை என்பதும் கருதத்தக்கது.

இவ்வறிவு செயற்படுவதற்கான நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் இவ்வட்டாரத்தை நெருங்கியுள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு, குருதியழுத்த மருந்துகளோடு, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான நீர்மப் பைகளையும் இல்லங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நோக்குடையது. 2022 சனவரி 12 அன்று தமிழகத்தில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூர் மருத்துவக் கல்லூரியும் ஒன்று. உயர்சிகிச்சைக்குத் தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையுமே நாடியிருந்த மாவட்டத்தில், இத்தகைய நுட்பங்களைக் கற்கவும் கற்பிக்கவும் ஓர் இடம் உருவாகியுள்ளது.

முடிவுரை

இதய இயக்குநீர்களைச் சிறுநீரகம் நீக்கும் முறை குறித்த அறிவு ஒரே நேர்கோட்டில் வளரவில்லை. நொதியைக் கண்டவர் அதன் இலக்கை அறிந்திலர். துகளைக் கண்டவர் அதன் பணியை அறிந்திலர். ஏற்பியைக் கண்டவர் அதனை ஊமை எனக் கருதினர். 1956 முதல் 2009 வரையிலான அரை நூற்றாண்டில் இத்தனித் தடங்கள் இணைந்து, சிறுநீரகம் வடிக்கும், சிதைக்கும், கவரும், தானே சுரக்கவும் செய்யும் உறுப்பு என்னும் முழுமையான நோக்கு உருவாயிற்று.

சிறுநீரக நோயாளியிடம் உயர்ந்து காணப்படும் எண், குறைந்த நீக்கத்தையும் மிகுந்த இதயச் சுமையையும் ஒருங்கே உணர்த்துவது. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு மற்றொன்றை விடுவது வரலாறு திருத்திய பிழையை மீண்டும் செய்வதாகும். நவீன மருத்துவச் சோதனைகள் ஊர்ப்புறங்களை அடையும் இக்காலத்தில், அவற்றின் எண்களோடு அவை உருவான வரலாறும் தமிழில் சென்றடைதல் வேண்டும். பழுவூர்க் கல்வெட்டுகளை வாசிப்பதற்கு எழுத்தறிவோடு காலவறிவும் தேவைப்படுவது போலவே, ஒரு குருதிச் சோதனைத் தாளை வாசிப்பதற்கும் எண்ணறிவோடு அவ்வெண் எவ்வாறு உருவாகி எவ்வாறு மறைகிறது என்னும் அறிவு தேவைப்படுகிறது.